ஸ்காரின் இடது கை

இந்தக் கட்டுரையில் கதை முழுக்க உடைபடும். இன்னும் படிக்காதவர்கள் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ என்ற மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) 27 தொகுதிகளையும் முடித்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை.

மாங்காவில் வில்லன் திருந்துவது தினசரி நடக்கிற சங்கதி. முதலில் ஹீரோவிடம் அடி வாங்குவான். அப்புறம் அவனுடைய சின்ன வயதுச் சோகம் நாலு பக்கத்துக்கு ஓடும். அடுத்த தொகுதியில் ஹீரோவுக்குப் பக்கத்தில் நின்று இன்னும் பெரிய வில்லனோடு சண்டைபோடுவான். வாசகர்களும் கைதட்டுவோம். அவன் முன்பு கொன்றுபோட்டவர்களின் வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. அந்த வீட்டுப் பெண்ணை அவன் எதிரில் கொண்டுவந்து நிறுத்தி, "இவளுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய்?" என்று கேட்ட மாங்கா எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. அப்படிக் கேட்கப்பட்டவன் ஸ்கார். அதனால்தான் ஆய்வுக்கு அவனை எடுத்துக்கொண்டேன்.

ஆள்

ஹிரோமு அரகாவா எழுதி வரைந்த இந்தத் தொடர், ஸ்கொயர் எனிக்ஸின் ‘மந்த்லி ஷோனென் கங்கன்’ இதழில் 2001 முதல் 2010 வரை 108 அத்தியாயங்களாக வந்தது. கதை நடப்பது ராணுவம் ஆளும் அமெஸ்ட்ரிஸ் என்ற கற்பனை நாட்டில். அங்கே ரசவாதம் ஒரு விஞ்ஞானம். அரசு சம்பளம் கொடுத்து ரசவாதிகளை வைத்துக்கொள்கிறது, போர் வந்தால் அவர்களை ஆயுதமாகப் பயன்படுத்துகிறது. தாயை உயிர்ப்பிக்கப் போய்க் கையும் காலும் இழந்த எட்வர்ட் எல்ரிக், உடலையே இழந்து இரும்புக் கவசத்துக்குள் உயிரை மட்டும் வைத்திருக்கும் தம்பி ஆல்ஃபோன்ஸ், இந்த இரண்டு பையன்கள்தான் நாயகர்கள்.

ஸ்கார் வருவது ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவில். அடுத்த அத்தியாயத்தின் பெயரே ‘அழிக்கும் வலது கை’. பழுப்பு நிறத் தோல், வெள்ளை முடி, சிவந்த கண், நெற்றியில் பெருக்கல் குறி போல ஒரு தழும்பு. அவன் பெயர் கடைசிவரை நமக்குச் சொல்லப்படுவதில்லை. ஸ்கார் என்பது அவனைத் தேடும் ராணுவத்தார் தழும்பைப் பார்த்து வைத்த பெயர். அரசு ரசவாதிகளைத் தேடித்தேடிக் கொல்கிறான். ஆளின் முகத்தில் வலது கையை வைப்பான், அவ்வளவுதான், உள்ளிருந்து சிதறிவிடுவார்கள்.

அவன் இஷ்வால் இனத்தவன். மல்லுக்கட்டும் பயிற்சி பெற்ற மதத் துறவி. 1901-இல் அமெஸ்ட்ரிஸ் படைவீரன் ஒருவன் இஷ்வால் குழந்தையைச் சுட்டதில் தொடங்கிய கலவரம் ஏழு வருடம் இழுத்தது. 1908-இல் ஆட்சித் தலைவர் கிங் பிராட்லி 3066 என்ற எண்ணில் ஓர் ஆணை போட்டார்: அரசு ரசவாதிகள் இறங்கி இஷ்வாலைத் துடைத்தெடுக்க வேண்டும். அந்த வேலையில் கிம்ப்ளீ என்ற வெடிகுண்டு ரசவாதி, ஸ்காரின் குடும்பத்தை ஒரே வெடிப்பில் முடித்துவிடுகிறான். ஸ்காரின் வலது கை போகிறது. தானும் செத்துக்கொண்டிருந்த அண்ணன், தன் கையை எடுத்துத் தம்பிக்குப் பொருத்திவிட்டு உயிரை விடுகிறான்.

இஷ்வால் மதத்தில் ரசவாதம் பாவம். கடவுள் படைத்ததை மனிதன் மாற்றியமைப்பது கடவுளை அவமதிப்பது. அப்படிப்பட்ட ஊரில் இந்த அண்ணன் ஒளிந்து ஒளிந்து ரசவாதம் படித்தவன். அமெஸ்ட்ரிஸ் முறையையும், கிழக்கே ஷிங் நாட்டின் ரென்டான்ஜுட்சு முறையையும் சேர்த்து ஆராய்ந்து, முடிவுகளைத் தன் இரண்டு கைகளிலும் பச்சை குத்திக்கொண்டான். ரசவாதம் வேலைசெய்வது வரைந்த வட்டங்களின் வழியாக. வலது கையில் பொருளைப் பிரிக்கும் வட்டம், இடது கையில் சேர்த்துக் கட்டும் வட்டம். தம்பிக்குக் கிடைத்தது வலது கை மட்டும்.

கதை முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விதி ஒன்று இருக்கிறது. ரசவாதத்துக்கு மூன்று படி: புரிந்துகொள்வது, பிரிப்பது, மறுபடி கட்டுவது. ஸ்கார் இரண்டாவது படியில் நின்றுவிடுகிறவன். அவன் தாக்குதலைப் பார்த்ததும் எட்வர்ட் கண்டுபிடிப்பதும் இதைத்தான். முதல் முறை படித்தபோது இதை ஒரு சண்டை நுட்பம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். மறுவாசிப்பில்தான் உறைத்தது, அரகாவா அங்கேயே அவனுடைய முழுக் கதையையும் சொல்லிவைத்திருக்கிறார் என்று.

குற்றம்

ஸ்காருக்கு நியாயம் பேசுவது சுலபம். இனமே அழிக்கப்பட்டவன், அழித்தவர்களைக் கொல்கிறான், இதில் என்ன தப்பு என்று கேட்டுவிடலாம். அப்படி நாம் சாய்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே அரகாவா இரண்டு சம்பவங்களை வைத்திருக்கிறார்.

ஒன்று நினா. ஷூ டக்கர் என்ற ரசவாதி தன் சொந்த மகளையும் வீட்டு நாயையும் சேர்த்து ஒரு பேசும் மிருகமாக மாற்றிவிடுகிறான். அந்த வீட்டுக்குள் ஸ்கார் நுழைகிறான். டக்கரைக் கொல்கிறான். அப்புறம் அந்தக் குழந்தையையும். இனி இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை என்ற இரக்கத்தில்தான் கொல்கிறான், கொன்றபின் பிரார்த்தனையும் செய்கிறான். ஆனாலும் அந்தக் கையால் செய்ய முடிந்த ஒரே இரக்கம் அதுதான். அதற்கு வேறெதுவும் தெரியாது.

இரண்டாவது, ராக்பெல் தம்பதி. யூரி, சாரா இருவரும் அமெஸ்ட்ரிஸ் நாட்டு மருத்துவர்கள். போரில் இஷ்வால்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள், ராணுவம் போகச் சொல்லியும் நோயாளிகளை விட்டுப் போகாதவர்கள். குற்றுயிராகக் கிடந்த ஸ்காரைப் பிழைக்கவைத்ததும் அவர்கள்தான். கண் விழித்தவன் தன் தோளில் அண்ணனின் கையைப் பார்க்கிறான், எதிரே நீலக் கண்ணும் வெள்ளைத் தோலுமாக இரண்டு முகங்களைப் பார்க்கிறான். வெறி பிடித்து அவர்களைக் கொன்றுவிடுகிறான். அரசு ரசவாதிகள் இல்லை, படைவீரர்கள் இல்லை. அவனைக் காப்பாற்றியவர்கள். அவர்களுக்கு ஊரில் ஒரு சின்ன மகள். வின்ரி. பின்னாளில் எட்வர்டுக்கு இயந்திரக் கைகால் செய்துதரும் மெக்கானிக்.

இந்த இரண்டாவது கொலை இல்லாவிட்டால் ஸ்காரின் திருந்தல் ஒரு வெறும் கட்சி மாற்றமாகப் போயிருக்கும். 2003-இல் வந்த முதல் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர் அதைச் செய்தும் காட்டிவிட்டது. மாங்கா பாதிகூட முடியாத நேரம் அது, அனிமே தனக்கென்று வேறு கதையை எடுத்துக்கொண்டது. அதில் மருத்துவர்களைக் கொல்வது, மேலதிகாரி உத்தரவுப்படி, நெருப்பு ரசவாதியும் ராணுவ அதிகாரியுமான மஸ்டாங். ஸ்கார் கடைசியில் கிம்ப்ளீயைக் கொன்று பழிதீர்த்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான படைவீரர்களைப் பலிகொள்ளும் பெரிய வட்டத்தை முடித்துவைத்துச் செத்துப்போகிறான். பார்க்கும்போது தொண்டை அடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்கார் யாருக்கும் பதில் சொல்லவேண்டி வரவில்லை. சாவு அவனைத் தப்பிக்கவைத்துவிட்டது. நான் முதலில் பார்த்தது இந்தத் தொடரைத்தான் என்பதால், மாங்காவில் அவன் சாகாமல் நடந்துகொண்டே இருந்தது எனக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

திரும்பும் இடங்கள்

மழையில் நடக்கும் முதல் சண்டையில் எட்வர்டின் இயந்திரக் கையை ஸ்கார் நொறுக்கிவிடுகிறான். ஆல்ஃபோன்ஸின் கவசமும் பாதி உடைந்து கிடக்கிறது. சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் எட்வர்ட் கேட்பது ஒன்றே ஒன்று: என்னைக் கொன்றபின் என் தம்பியைத் தொடமாட்டாய்தானே? ஸ்கார் வாக்குக் கொடுக்கிறான். தம்பிக்காகத் தன்னைக் கொடுக்கும் அண்ணனை அவன் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவன். ஆனால் இந்த இடத்தில் அவன் அதை யோசிப்பதாக அரகாவா காட்டுவதில்லை. கை நீள்கிறது. மஸ்டாங் துப்பாக்கி வெடித்ததால்தான் எட்வர்ட் பிழைக்கிறான்.

அந்தக் கட்டத்தில் ஸ்கார் பேசுவதெல்லாம் கடவுளின் பேரில். தான் ஒரு தனி மனிதன் இல்லை, கடவுளின் தீர்ப்பை நிறைவேற்றும் கை. படைப்பவர்கள் இருந்தால் அழிப்பவனும் இருக்கவேண்டும். இந்தப் பேச்சு போகப்போகக் குறைவதைக் கவனியுங்கள். கடைசித் தொகுதிகளில் அவன் செய்வதை அவன் பேரில்தான் செய்கிறான், அந்தப் பேரும் இல்லாதவனாக இருந்துகொண்டு. என்னைக் கேட்டால் முதல் மாற்றம் இதுதான். "கடவுள் தீர்ப்பளித்தார்" என்று சொல்கிறவனிடம் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. "நான் கொன்றேன்" என்பவனிடம்தான் பேச்சைத் தொடங்க முடியும்.

அடுத்தது தலைநகரான சென்ட்ரலில். ராக்பெல் மருத்துவர்களைக் கொன்றது நீதானே என்று எட்வர்ட் அவனிடம் கத்திக்கொண்டிருப்பதை, தற்செயலாக அங்கே வந்த வின்ரி கேட்டுவிடுகிறாள். கீழே கிடக்கும் துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறாள். சுட உனக்கு உரிமை உண்டு என்கிறான் ஸ்கார், ஆனால் சுட்டால் நீயும் எனக்கு எதிரி என்கிறான். இன்னும் அந்தப் பழைய கணக்கு. அப்போது எட்வர்ட் குறுக்கே பாய்ந்து, ஸ்காருக்கு முதுகைக் காட்டியபடி வின்ரியை மறைத்து நிற்கிறான். அந்த முதுகைப் பார்த்ததும் ஸ்காரின் கை தயங்குகிறது. கிம்ப்ளீயின் வெடிப்புக்கு முன்னால் அவனுடைய அண்ணன் நின்றதும் அப்படித்தான். மழையில் பதிவாகாதது இங்கே பதிவாகிறது. காரணம், இந்த முறை கிம்ப்ளீயின் இடத்தில் நிற்பது தானே என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

வின்ரி சுடவில்லை. சுட முடியாமல் போனதற்காக அழுகிறாள். அவள் இறுகப் பிடித்திருந்த விரல்களை எட்வர்ட் துப்பாக்கியிலிருந்து பிரித்தெடுக்கிறான். இது பிரசவம் பார்த்த கை, எனக்குக் கையும் காலும் செய்துகொடுத்த கை, கொல்கிற கை இல்லை என்கிறான். இந்தத் தொடரில் கைகளைத் தனியாகவே ஒருமுறை படித்துப்பார்க்கலாம்.

அப்புறம் நடுவே டாக்டர் மார்கோ வருகிறார். இஷ்வால் கைதிகளின் உயிரை உருக்கி, ரசவாத சக்தியைப் பெருக்கும் ஞானக்கல் செய்தவர், பட்டியலில் முதலில் இருக்கவேண்டிய ஆள். சிறைப்பட்டுக் கிடக்கும் அவர் தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிறார். ஸ்கார் கொல்லவில்லை, போரில் நடந்தது முழுவதையும் சொல்லச் சொல்கிறான். கேட்டு முடித்ததும் யாரும் அடையாளம் காணாதபடி வலது கையால் அவர் முகத்தைச் சிதைத்துவிட்டுக் கூடவே அழைத்துப்போகிறான். கொல்வதற்கு மட்டுமே பயன்பட்ட கை ஒருவரை ஒளித்துவைக்கப் பயன்படுகிறது. அழகான காரியம் என்று சொல்லமாட்டேன், முகம் வெந்ததுபோல ஆகிவிடுகிறது. ஆனாலும் முதல் படியைத் தொட்டுவிட்டான், புரிந்துகொள்வது என்ற படியை.

இந்த இடத்திலிருந்து அவனோடு ஒரு விசித்திரக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது: முகம் சிதைந்த மருத்துவர், பதவி பறிபோன லஞ்ச அதிகாரி யோக்கி, ஷிங் நாட்டுச் சிறுமி மே சாங், அவள் தோளில் உட்கார்ந்திருக்கும் குட்டி பாண்டா. அரகாவாவின் நகைச்சுவை நன்றாக வேலைசெய்யும் பக்கங்கள் இவை. மே அவனைக் கொஞ்சமும் பயப்படாமல் "ஸ்கார்-சான்" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். ஒரு குழந்தையைக் கொன்று கதைக்குள் நுழைந்தவன் பக்கத்தில் இன்னொரு குழந்தையை நடக்கவிட்டிருக்கிறார், அதைப்பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பாஸ்கூல்

இந்த ஆய்வின் மையம் வடக்கே பனிக்குள் கிடக்கும் பாஸ்கூல் என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊர். எல்ரிக் சகோதரர்கள் ஸ்காரைப் பிடித்துவிடுகிறார்கள். காயத்தோடு உட்கார்ந்திருக்கிறான். வின்ரி அறைக்குள் வருகிறாள்.

ஏன் கொன்றாய் என்று கேட்கிறாள். அவனிடம் சொல்ல நிறைய இருக்கிறது. நமக்கே தெரியும்: ஊர் எரிந்தது, அண்ணன் செத்தது, கண்விழித்தபோது நிலை தெரியாதது. அவன் ஒன்றையும் எடுக்கவில்லை. என்ன சொன்னாலும் அது சாக்குதான், உன் பெற்றோரைக் கொன்றது நான், அது மாறப்போவதில்லை என்கிறான். என்னைத் தண்டிக்கும் உரிமை உனக்கு உண்டு என்று மறுபடியும் சொல்கிறான். சென்ட்ரலில் சொன்ன "சுட்டால் நீ எனக்கு எதிரி" மட்டும் இப்போது இல்லை. அந்த ஒரு நிபந்தனை உதிர்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் இவன் மாறிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. சுற்றியிருக்கிறவர்கள் பதறுகிறார்கள். வின்ரி அவன் காயத்தைப் பார்க்கிறாள், துணியை எடுத்துக் கட்டுப்போடத் தொடங்குகிறாள். அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள் என்கிறாள்.

மன்னிக்கிறாயா என்று கேட்கிறான் அவன். உண்மையிலேயே புரியாமல் கேட்கிறான். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, நடந்த அநியாயத்தை நான் மன்னிக்கவில்லை என்கிறாள். சொல்லிக்கொண்டே கட்டை இறுக்குகிறாள்.

இந்தப் பதில் ஸ்காருக்கு ஒரு பழைய குரலை நினைவுபடுத்துகிறது. குடிசைப்பகுதியில் அவனைப் பார்த்துத் திட்டிய அவனுடைய குரு, முதியவர். பொறுத்துக்கொள்வது வேறு, மன்னிப்பது வேறு என்பது அவர் சொன்னதன் சாரம். உலகத்தின் அநியாயத்தை மன்னிக்கக் கூடாது, மனிதனாக இருப்பவன் அதைப் பார்த்துக் கொதிக்கத்தான் வேண்டும், ஆனாலும் பொறுக்கவேண்டும், இல்லாவிட்டால் வெறுப்பின் சங்கிலி அறாது.

தமிழில் படிக்கும் நமக்கு இந்த இடம் கொஞ்சம் இடறும். நம்மிடம் ‘பொறு’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வேலைசெய்கிறது. வலியைப் பொறுப்பதும் பொறுத்தல், பிழை பொறுப்பதும் பொறுத்தல். ஜப்பானிய மூலத்தில் ‘தாயெரு’, ‘யுருசு’ என்று இரண்டும் இரண்டு சொல்லாக நிற்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடத்தில்தான் ஸ்காரும் வின்ரியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் மன்னிக்கவில்லை, கொல்லவும் இல்லை. அவனுக்கு விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. கட்டுப்போட்ட கை மட்டும் இருக்கிறது.

அதே கட்டடத்தில் மேஜர் மைல்ஸும் இருக்கிறார். தாத்தா வழியில் இஷ்வால் ரத்தம், சிவந்த கண்ணைக் கறுப்புக் கண்ணாடிக்குள் வைத்திருப்பவர், அமெஸ்ட்ரிஸ் ராணுவ அதிகாரி. இவர்களின் படைக்குள்ளேயே இருந்து இவர்கள் இஷ்வாலைப் பார்க்கும் பார்வையை மாற்றப்போகிறேன் என்கிறார். ஸ்காருக்கு இப்படியொரு வழி இருப்பதே அதுவரை தெரியாது. எட்வர்ட் சொல்லியிருந்தால் அவன் கேட்டிருக்கமாட்டான். தன் இனத்து மனிதன் சொன்னதால் கேட்கிறான்.

அடுத்து நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கிம்ப்ளீயின் கையிலிருந்து எல்லாரும் தப்பிக்கவேண்டும். வின்ரியே ஒரு யோசனை சொல்கிறாள்: என்னை ஸ்கார் பிணைக்கைதியாகக் கொண்டுபோய்விட்டதாகச் சொல்லிவிடுங்கள், நான் இவர்களோடு போகிறேன். எட்வர்ட் குதிக்கிறான். கடைசியில் அவள் தன் பெற்றோரைக் கொன்றவனோடு சுரங்கப் பாதை வழியாகப் போகிறாள். வழியில் நீண்ட வசனம், கண்ணீர், சமாதானம் ஒன்றும் இல்லை. நடக்கிறார்கள்.

மூன்றாவது படி

அண்ணனின் ஆராய்ச்சிக் குறிப்புகள் வடக்கேதான் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. பழைய இஷ்வால் மொழியில் எழுதியவை. மொழி தெரிந்தவன் ஸ்கார், ரசவாதம் தெரிந்தவர் மார்கோ. இனத்தை அழித்தவரும் அழிக்கப்பட்ட இனத்தவனும் ஒரே தாளின் மேல் குனிந்து உட்கார்ந்தால்தான் அதைப் படிக்கவே முடியும். அப்படியும் வரிசையாகப் படித்தால் ஒன்றும் கிடைப்பதில்லை. தைத்திருந்த தாள்களைப் பிரித்துப்போட்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நாடளவு பெரிய வட்டம் ஒன்று தெரிகிறது. பிராட்லியைப் பின்னாலிருந்து ஆட்டிவைக்கும் எதிரி போட்ட வட்டம், நாட்டு மக்கள் எல்லாரையும் பலிகொடுப்பதற்கானது. அந்த அடுக்கைத் திருப்பிப்போட்டால் அதை முறிக்கும் வட்டம். பிரி, மறுபடி கட்டு. செத்துப்போன அண்ணன் தம்பிக்கு விட்டுப்போன பாடம் பச்சை குத்திய கையில் பாதியும், இந்தத் தாள்களில் மீதியுமாக இருந்திருக்கிறது.

1915 வசந்தத்தில், கடைசி யுத்த நாளன்று, சுரங்கங்களுக்குள் இன்னொரு காட்சி. தன் நண்பனைக் கொன்ற, உருவம் மாற்றிக்கொள்ளும் செயற்கை மனிதன் என்வியை மஸ்டாங் துளித்துளியாக எரித்துக்கொண்டிருக்கிறான். எட்வர்ட் தடுக்கிறான், மஸ்டாங்கின் துணை அதிகாரி ஹாக்ஐ துப்பாக்கியை அவன் முதுகுக்கு நீட்டுகிறாள். ஸ்காரும் நிற்கிறான். பழிவாங்குபவனைத் தடுக்கும் யோக்கியதை எனக்கில்லை என்பதை ஒத்துக்கொள்கிறான். ஆனால் வெறுப்பில் மிருகமாகிவிட்டவன் ஒருவன் நாட்டின் தலைவனானால் எப்படிப்பட்ட உலகத்தைக் கட்டுவான் என்று மட்டும் கேட்கிறான். அவனுடைய ஊரை எரித்த ஆளிடம் கேட்கிறான். அந்தப் போரில் மஸ்டாங்கின் நெருப்பு என்ன செய்தது என்பதை 15-ஆம் தொகுதி விரிவாகக் காட்டியிருக்கிறது.

அப்புறம் பிராட்லி. 3066 ஆணை போட்ட ஆளே எதிரில். ஏற்கெனவே காயப்பட்டிருந்தாலும் அவன் வாள் யாராலும் தாங்க முடியாதது. ஸ்கார் வழக்கம்போல வலது கையை வீசுகிறான், பிராட்லி விலகுகிறான். அப்போது ஸ்கார் இடது கையைத் தரையில் வைக்கிறான். கல் முளைகளாக எழும்பிப் பிராட்லியை நோக்கிப் பாய்கிறது. கிழிந்த சட்டைக்குள் இடது கையில் புதிதாகக் குத்திய பச்சை. தன் மதம் பாவம் என்று சொன்னதை, அண்ணனைக் கண்டித்ததை, அவனே தன் உடம்பில் குத்திக்கொண்டிருக்கிறான்.

அரகாவா இதை முன்கூட்டிக் காட்டவே இல்லை. எப்போது குத்தினான், யார் குத்திவிட்டார்கள், குத்தும்போது என்ன நினைத்தான், ஒன்றும் கிடையாது. ஒரு மனிதனின் மனமாற்றத்தை இப்படிச் சட்டைக் கைக்குள் மறைத்துவைத்து, சரியான கட்டத்தில் உருவிக்காட்டுவதற்குத் தைரியம் வேண்டும். வேறொருவராக இருந்தால் ஓர் அத்தியாயம் முழுக்கப் பின்கதை வைத்திருப்பார்கள்.

பிராட்லி அவன் பெயரைக் கேட்கிறான். பெயரை விட்டுவிட்டேன் என்கிறான் ஸ்கார். எனக்கும் பிறந்தபோது வைத்த பெயர் தெரியாது என்கிறான் பிராட்லி. பெயரில்லாத இரண்டு பேர் வெட்டிக்கொள்கிறார்கள். கிரகணம் விலகி வரும் ஒரு கீற்று வெயில் பிராட்லியின் கண்ணைக் கூசவைக்க, அவன் கைகள் இரண்டும் போகின்றன. ஸ்கார் குத்துப்பட்ட உடம்போடு போய் அண்ணனின் மாற்று வட்டத்தை இயக்குகிறான். அதனால்தான் ரசவாதிகளின் முடக்கப்பட்ட சக்தி திரும்பி வருகிறது. அவன் கொல்லத் தேடிய ரசவாதிகளுக்கெல்லாம் ரசவாதத்தைத் திருப்பிக்கொடுப்பது அவன் கையால்.

கிம்ப்ளீ? ஸ்கார் ஒரே ஒருமுறை ரயிலில் அவனோடு மோதினான், காயப்படுத்தினான், கொல்ல முடியவில்லை. கடைசியில் கிம்ப்ளீ வேறெங்கோ, வேறு யார் கையாலோ முடிந்துபோகிறான். அந்தச் சமயத்தில் ஸ்கார் அங்கே இல்லை. பழிவாங்கும் கதையாகத் தொடங்கிய ஒன்றில் முதல் எதிரியின் சாவு நாயகன் பார்வைக்கே வராமல் போவது என்னைப் பொறுத்தவரை எழுத்தாளரின் பெரிய முடிவு. 2003 அனிமே கொடுத்த திருப்தியை இங்கே வேண்டுமென்றே பிடுங்கிவிட்டார்.

எனக்கு ஒப்பாத இடம்

எல்லாமே சரியாக அமைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒன்று உறுத்துகிறது. பொறுக்கவேண்டும் என்ற பாடம் இஷ்வால்காரனுக்கு இஷ்வால்காரர் சொல்கிறார், அவனும் கேட்டுக்கொள்கிறான். எதிர்ப்பக்கத்தில் மஸ்டாங் இருக்கிறான், ஹாக்ஐ இருக்கிறாள். இருவரும் அந்த மண்ணில் கொலை செய்தவர்கள். ஒருநாள் எங்களையும் போர்க்குற்றத்துக்காக விசாரிக்கும் நாடு வரும் என்று ஹாக்ஐ சொல்கிறாள், உண்மையாகவே சொல்கிறாள். ஆனால் கதை முடியும்போது அவர்கள் பதவியில் இருக்கிறார்கள், இஷ்வாலைச் சீரமைக்கும் பொறுப்பும் மஸ்டாங் கையில் வருகிறது. எரித்தவனே கட்டித்தருகிறான், எரிந்தவன் பொறுத்துக்கொள்கிறான். போரைத் தொடங்கிவைத்த அந்தத் துப்பாக்கிச் சூடே படைவீரன் வேடத்தில் இருந்த என்வி செய்தது என்று வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர்களின் பழியில் கொஞ்சத்தை ஒரு அரக்கன் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.

இதைச் சொல்லும்போது அரகாவா எங்கிருந்து எழுதுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவர் ஹொக்கைடோவில் பால்பண்ணை வீட்டில் பிறந்தவர். 1869-இல் ஜப்பான் அரசு அந்தத் தீவைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு குடியேறிகளை அனுப்பியபோது நிலத்தை இழந்தவர்கள் ஐனு மக்கள். அவர்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பானியச் சட்டம் எழுதியதே 2019-இல்தான். தன் முன்னோர் அந்த நிலத்தில் குடியேறியவர்கள் என்பதையும், இஷ்வாலை எழுதும்போது ஐனு மக்கள் மனதில் இருந்தார்கள் என்பதையும் அரகாவாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இஷ்வால் போரை வரையும் முன் உண்மையான போர்வீரர்களைச் சந்தித்துக் கேட்டவர் அவர். ஆக, இது நிலத்தை இழந்தவள் எழுதிய கதை இல்லை, எடுத்தவர்களின் பேத்தி எழுதியது. மன்னிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு காட்சியை அவர் எழுத மறுத்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியில்

யுத்தம் முடிந்தபின் ஸ்கார் பிழைத்துக்கொள்கிறான். மைல்ஸின் மேலதிகாரி ஜெனரல் ஒலிவியர் ஆர்ம்ஸ்ட்ராங் அவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். மைல்ஸ் இஷ்வாலுக்குப் போகிறார், நீயும் வா என்கிறார்கள். சிதறிக்கிடக்கும் சனங்களைத் திரட்டவேண்டும், மதத்தையும் பழக்கவழக்கங்களையும் மீட்கவேண்டும், அதற்கு ஒரு துறவி தேவை. உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை செத்தவன் நான், எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்கிறான்.

வின்ரியும் அவனும் சுரங்கப் பயணத்துக்கு அப்புறம் வழிபிரிந்தவர்கள்தான். அவள் எட்வர்டோடு சொந்த ஊரான ரிசெம்பூலில் குடும்பம் நடத்துகிறாள், அவன் பாலைவன ஓரத்தில் இடிந்த ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறான். இருவரும் மறுபடி சந்திப்பதாக மாங்காவில் ஒரு கட்டம்கூட இல்லை.